பகடை மேசை: 1931-ஆம் வருஷத்துச் சிங்கப்பூர்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைக்களத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். இந்த ரோல்பிளே ஆட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நாகப்பட்டினத்தில் என் பழைய மாணவர்களை வைத்து நான் நடத்தும் ஆட்டம் 1931-ஆம் வருஷத்துச் சிங்கப்பூரில் நடக்கிறது என்று அதில் ஒரு வரி வந்தது. கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த நகரம்தான்.

கேள்வி: 1920, 30-களில் மலிவுக் காகிதத்தில் வந்த சாகச இதழ்களின் பாணியில் ஓர் ஆட்டம் நடத்த ஆசை. ரகசியக் குழு, கப்பல், துரத்தல் எல்லாம் வேண்டும். சிங்கப்பூர் வரலாறு என்று தடிதடியாகப் புத்தகங்கள் படித்தேன். ஆனால் நண்பன் "நான் துறைமுகத்தில் இறங்குகிறேன், என்ன தெரிகிறது?" என்று கேட்டதும் என்னால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. எங்கே தொடங்குவது?
*— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, நீங்கள் படித்தது நூறு வருஷத்து வரலாறு. நண்பர் கேட்டது ஒரு நாளைப் பற்றி. முதலில் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். வருஷம் மட்டும் போதாது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த சிங்கப்பூரும் முடிவில் இருந்த சிங்கப்பூரும் ஒன்றல்ல.

நான் எடுத்துக்கொண்டது 1931 ஜூன். மாதத்தை முடிவு செய்ததும் நான் பார்த்தது, என்னவெல்லாம் அங்கே இன்னும் வரவில்லை என்பதைத்தான். பழைய படங்களில் அடிக்கடி தென்படும் கிளிஃபர்ட் படகுத்துறை 1933-ல் திறந்தது. அதற்கு முன் கப்பலிலிருந்து படகேறி வருகிறவர்கள் கரை இறங்கியது ஜான்ஸ்டன் துறையில். அங்கே தொங்கிய சிவப்பு விளக்கை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்கு அடையாளம் சொன்னார்கள். தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932. கல்லாங் விமான நிலையம் 1937. நம் ஜூனில் ஒரு விமானம் இறங்க வேண்டுமானால் வடக்கே செலத்தாரிலிருந்த விமானப்படைத் தளத்துக்குத்தான் போக வேண்டும். சாங்கி சிறை 1936. அதுவரை கைதியை அவுட்ராம் சாலைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குதிரைப் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது 1933-ல். 31-ல் அது ஃபேரர் பார்க்கில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே நடந்தது. நம் ஆட்கள் அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள். சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டட வேலை செய்த சாம்சுய் பெண்கள் பெருவாரியாக வந்ததும் 1933-க்குப் பிறகுதான். அந்த வருஷத்துச் சட்டம் சீன ஆண்கள் குடியேறுவதற்குக் கணக்கு வைத்தது, பெண்களுக்கு வைக்கவில்லை.

இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சமிருப்பது நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. பெரிய தபாலாபீஸ் இருக்கும் ஃபுல்லர்ட்டன் கட்டடத்துக்கு அப்போது மூன்று வயது. கேப்பிட்டல் தியேட்டருக்கு ஒரு வயது. நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா 1923 முதல் இருந்தது, அந்த வருஷம் கிரேட் வேர்ல்டும் சேர்ந்துகொண்டது. டிராம் வண்டிகள் 1927-லேயே போய்விட்டன. மேலே கம்பியில் மின்சாரம் வாங்கி ஓடும் டிராலி பஸ்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவே ஏழு பேர் உட்காரும் 'கொசு பஸ்'கள் புகுந்து புகுந்து ஓடின. ரிக்‌ஷா இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ராஃபிள்ஸ் ஹோட்டலை நடத்திய சார்க்கீஸ் நிறுவனமே அந்த வருஷம் திவாலானது. வெளியே பார்த்தால் நடனக்கூடம், உள்ளே கடன்காரர்கள். சாகசக் கதைக்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

சரி, உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று: "எந்த டிக்கெட்டில் வந்தாய்?" எஸ்.எஸ். ரஜூலா கப்பல் 1926-லிருந்து சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. கேபின் பயணி நகரத்தில் இறங்கி, சுமைதூக்கியைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஹோட்டலுக்குப் போகலாம். அதே கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர் முதலில் பார்ப்பது நகரத்தையே அல்ல. செயின்ட் ஜான்ஸ் தீவிலுள்ள தொற்றுநோய்க் கண்காணிப்பு முகாமுக்கு அவரைக் கொண்டுபோவார்கள். துணிகளை நீராவியில் போட்டு எடுப்பார்கள், உடம்பைப் பரிசோதிப்பார்கள். கடலுக்கு அப்பால் நகரம் தெரியும், போக முடியாது. உங்கள் மேசையில் ஒருவர் கேபின், ஒருவர் மேல்தளம் என்றால் முதல் காட்சியிலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த ரகசியக் கடிதம் யாருடைய மடியில் இருக்கிறது என்பதே முதல் சிக்கல்.

நான் எந்த ஊரை எடுத்தாலும் பிடித்துக்கொண்டு போகும் நூல் இதுதான்: இன்ன ஆள், இன்ன பணத்தோடு, இன்ன வாசலுக்குப் போனால் உள்ளே விடுவார்களா? பாடாங் திடலின் ஒரு முனையில் கிரிக்கெட் கிளப், அது ஐரோப்பியர்களுக்கு. மறு முனையில் ரெக்ரியேஷன் கிளப், அது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தவரான யுரேஷியர்களுக்கு. நடுவில் ஒரே புல்வெளி. மாளிகைகளின் அழகை நான் வர்ணித்ததைவிட இந்தத் திடலைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோதுதான் என் பிள்ளைகளுக்கு நகரம் பிடிபட்டது.

கேள்வி: சிங்கப்பூர் போகப் பண வசதி இல்லை. வீட்டிலிருந்தே என்ன படிக்கலாம்?
*— வங்கி ஊழியர், திருவண்ணாமலை*

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்று தேடினால் வரும். 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1845-லிருந்து இருக்கிறது. 1930-களின் 'தமிழ் முரசு'ம் உண்டு. ஆனால் முரசு தொடங்கியது 1935-ல் என்பதால் நம் ஜூனுக்கு அது உதவாது. முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அதற்கு முன் 'முன்னேற்றம்' என்ற பத்திரிகையில் இருந்தார். அந்த உலகத்துத் தமிழர்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள முரசின் ஆரம்ப இதழ்களைப் பின்னோக்கிப் படிக்கலாம்.

செய்தித்தாளைப் படிக்கும்போது முதல் பக்கத் தலைப்பை விட்டுவிடுங்கள். கப்பல் வரவு பத்தியைப் பாருங்கள், எந்தக் கப்பல் என்று வருகிறது, எங்கே போகிறது என்று இருக்கும். அப்புறம் போலீஸ் கோர்ட்டுச் செய்திகள். யார், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எதைத் திருடினார், என்ன தண்டனை என்பதெல்லாம் நாலு வரியில் முடிந்திருக்கும். எனக்கு ஒரு மாலை ஆட்டத்துக்கு அந்த நாலு வரி போதும். அதற்கும் அப்புறம் விளம்பரங்கள்: வாடகைக்கு வீடு, காணாமல் போன நாய், ஏலத்துக்கு வந்த மேசை நாற்காலி. மந்தக் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விடுவார்கள். ஒரு ஏலத்தில் வாங்கிய மேசையின் இழுப்பறையிலிருந்து கதை கிளம்பலாம்.

தேடும்போது அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். நம் ஊரை ஆங்கிலத் தாள்கள் நெகபட்டம் என்றுதான் அச்சிட்டன. இயந்திரம் பழைய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும். ஒரு சொல் கிடைக்காவிட்டால் தேதியைப் போட்டு முழுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அப்படித் திறந்த பக்கங்களில்தான் நான் தேடாதவை நிறையக் கிடைத்தன.

வருஷந்தோறும் வந்த வணிக டைரக்டரிகளும் அதே நூலகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கின்றன. எந்தக் கம்பெனி எந்தத் தெருவில், அதில் மேனேஜர் யார், குமாஸ்தா யார் என்று இருக்கும். உங்கள் வில்லனின் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கதவில் யார் இருந்தார்கள் என்று அதில் பார்த்துச் சொல்லிவிடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் வரைபடங்களும், 1979-லிருந்து பதிவு செய்த வாய்மொழி நேர்காணல்களும் உண்டு. தமிழிலேயே பேசிய பெரியவர்களின் குரல்கள் அதில் இருக்கின்றன. தயவு செய்து அவற்றைக் கேளுங்கள். கப்பல் தளத்தில் சோறு எப்படிப் போட்டார்கள், எந்த மூலையில் படுத்தோம் என்று ஒருவர் தன் வாயால் சொல்லும்போது வருகிற பேச்சு நடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் பாத்திரங்கள் பேசுவது அந்தப் பேச்சில்தான்.

பணக் கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் உதவும். 1906-லிருந்து அங்கே புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று விலை கட்டியிருந்தார்கள். அன்றைக்கு நம் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக, ஒரு டாலர் என்பது ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அங்கே ஒரு சென்ட் நாணயம் முனை மழுங்கிய சதுரமாக இருந்தது. பழைய நாணயக் கடையில் இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கும். ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள்.

கேள்வி: என் தாத்தா சிங்கப்பூரில் செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளராக, இருந்தவர். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. கணக்கும் வட்டியும் தவிர அதில் ஒன்றுமில்லை. இது ஆட்டத்துக்கு உதவுமா?
*— குடும்பத்தலைவி, காரைக்குடிப் பக்கம்*

அம்மா, அந்தப் பெட்டியைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். ஆட்டம் அப்புறம்.

மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீண்ட ஒரே கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு தனி லேவாதேவிக் கடை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள், இரவில் அங்கேயே படுப்பார்கள், சமையல் பொதுவில் நடக்கும். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு மூன்று வருஷத் தவணையில் வந்த ஆண்கள். கடன் கேட்டு வருகிறவர்களில் சீன வியாபாரி, மலாய்க்காரர், யுரேஷிய குமாஸ்தா, சில சமயம் வெள்ளைக்காரத் துரை என்று எல்லாரும் உண்டு. நகரத்தில் யாருக்குப் பண முடை, யார் வெளியே ஜம்பமாகத் திரிந்து உள்ளே முழுகிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கூடத்துக்குத் தெரியும்.

சாகசக் கதைகளில் துப்பறிகிறவர் எப்போதும் தொப்பி வைத்த வெளிநாட்டுக்காரராகவே இருப்பார். என் மேசையில் துப்பறிகிறவர் ஓர் அடுத்தாள். அவருக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்தே பொய் ரோக்காவை, அதாவது பொய்க் கடன் சீட்டை, கண்டுபிடித்துவிடுவார். உங்கள் தாத்தா எழுதிய வட்டிக் கணக்கில் பெயர்கள் இருக்கும், தேதிகள் இருக்கும், யார் தவணை தவறினார் என்று இருக்கும். 1930, 31 தாள்களைத் தனியாக எடுத்து அடுக்கிப் பாருங்கள். வசூல் நின்றுபோன கடன்களுக்குப் பதிலாகத் தோட்டமும் வீடும் கைமாறிய காலம் அது. ஆட்டத்தில் கடன் வாங்கியவர்களின் பெயர்களை மட்டும் மாற்றிவிடுங்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலையும் ஆட்டத்தில் சேருங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித்தேரில் முருகன் கியோங் சாய்க் சாலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். தெரு முழுக்கக் கூட்டம், தேர் நடுவில், துரத்துகிறவன் அந்தப் பக்கம், தப்புகிறவன் இந்தப் பக்கம். ஜூன் மாத ஆட்டத்தில் அது வராது என்பது எனக்கு வருத்தம்தான். நீங்கள் தை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் காலச் சாகசக் கதைகளில் சீனர் என்றால் கத்தி வைத்த சதிகாரர், ஓபியம் புகைக்கும் இருட்டறை; இந்தியர் என்றால் பின்னணியில் நிற்கும் வேலைக்காரர். அதே பாணியில் ஆடிக்கொண்டு அந்த அழுக்கை மட்டும் எப்படி விலக்குவது?
*— ஆய்வு மாணவி, மதுரை*

விலக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஓபியத்தை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவது வழியல்ல. அதை யார் காய்ச்சினார்கள் என்று பாருங்கள். 1910-லிருந்து அந்தத் தொழில் அரசாங்கத்தின் கையில். காய்ச்சியதும் அவர்கள், குப்பியில் அடைத்ததும் அவர்கள், விற்றதும் அவர்கள். பாசிர் பாஞ்சாங் மேட்டில் அதற்கென்றே தொழிற்சாலை இருந்தது. அந்த மேட்டுக்கு இன்றைக்கும் புக்கிட் சாண்டு, அதாவது ஓபியக் குன்று என்றுதான் பெயர். அரசின் வருமானத்தில் பல பத்தாண்டுகள் பெரும் பங்கு அதிலிருந்தே வந்தது. புகைத்தவர்களில் ரிக்‌ஷா இழுத்தவர்களும் சுமை தூக்கியவர்களும் அதிகம். உடம்பு வலி தாங்காமல் புகைத்தார்கள். இந்த உண்மையை மேசையில் வைத்ததும் இருட்டறைச் சதிகாரன் தானாக வெளியேறிவிடுவான். கதையின் வில்லன் நல்ல வெளிச்சத்தில், விசிறிக்குக் கீழே, கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, ஒரு நகரத்தில் ஒரே ஒரு சீனப் பாத்திரம் மட்டும் இருந்தால் அவர் தலையில் மொத்த இனமும் ஏறிவிடும். 1931-ல் சிங்கப்பூரில் ஐந்தரை லட்சம் பேர். அதில் முக்கால்வாசி சீனர். ஹொக்கியன், தியோசியு, கேண்டனிஸ், ஹாக்கா, ஹைனானியர் என்று பேச்சே வேறு, தொழிலே வேறு. ஒரு கேண்டனிஸ் தாதி, தியோசியு மீன் மண்டிக்காரர், தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து மலாய் பேசும் பெரனக்கான் சீன வக்கீல், ஷாங்காயிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை என்று நாலைந்து பேரை உருவாக்கிவிடுங்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் கெட்டவராக இருந்தால் அவர் வெறும் கெட்டவர், அவ்வளவுதான்.

நம்மவர்களிலும் அப்படித்தான். அங்கே இந்தியர் ஐம்பதாயிரம் பேர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நகராட்சியில் தெரு கூட்டியவர், ரயில்வேயில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, பணம் மாற்றும் கடை வைத்த தமிழ் முஸ்லிம், வங்கி வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் காத்த சீக்கியர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். அதனால் 31-ல் ஒரு தேநீர்க் கடைக்குள் இரண்டு தமிழர்களை உட்காரவைத்தால் சாதியைப் பற்றி, கோயிலைப் பற்றி, தீமிதியைப் பற்றி அவர்களுக்குள் அனல் பறக்கும். இவர்களில் யாரையும் பின்னணியில் நிறுத்தாதீர்கள். ஆடுகிறவர்கள் கையில் கொடுங்கள்.

கேள்வி: நிஜமாக நடந்த ஏதாவது சம்பவத்தை வைத்து ஆட்டம் அமைக்க முடியுமா? அல்லது எல்லாவற்றையும் கற்பனை செய்வதுதான் நல்லதா?
*— யாழ்ப்பாணம்*

நான் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். 1931 ஜூன் 1-ஆம் தேதி சிங்கப்பூர் போலீஸ் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கைது செய்தது. செர்ஜ் லெஃப்ராங்க் என்ற பெயரில் வியாபாரி போல வந்திருந்தவர். உண்மையான பெயர் ஜோசஃப் துக்ரூ, உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து இணைத்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஆள். அவரிடம் கிடைத்த தாள்களில் ஷாங்காய் தபால் பெட்டி முகவரி ஒன்று இருந்தது. ஜூன் 6-ல் ஹாங்காங்கில் சுங் மன் சோ என்ற பெயரில் தங்கியிருந்த ஒருவர் பிடிபட்டார். அவர்தான் பின்னாளில் வியட்நாம் அதிபரான ஹோ சி மின். ஜூன் 15-ல் ஷாங்காயில் நூலான்ஸ் என்ற பெயரில் இருந்த, அதே அகிலத்தின் ஆள் பிடிபட்டார். இரண்டு வாரத்தில் மூன்று துறைமுகங்கள். எல்லாவற்றுக்கும் சிங்கப்பூரில் சிக்கிய காகிதங்கள்தான் தொடக்கம்.

இதை நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்றால், அந்தப் பெரிய மனிதர்கள் யாரும் மேசைக்கு வருவதில்லை. ஹோ சி மின்னை என் பிள்ளைகள் காப்பாற்றினார்கள் என்று நான் ஒருபோதும் ஆடமாட்டேன். நிஜ மனிதர்களின் வாழ்க்கையில் கை வைக்க நமக்கு உரிமை கிடையாது. என் ஆட்டம் நடப்பது ஃபுல்லர்ட்டன் தபாலாபீஸில், கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவர்களுக்குள்ளே. திடீரென்று ஷாங்காய் போகும் கடிதங்களையெல்லாம் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். ஏனென்று யாரும் சொல்லவில்லை. அதில் ஒரு கடிதம் அடுக்குகிறவர் ஒருவரின் சொந்தத் தம்பி எழுதியது. கொடுத்துவிடுவதா, ஒளித்துவிடுவதா? பிரிட்டிஷ் பிரஜை அல்லாதவரை விசாரணை இல்லாமலே நாடு கடத்த ஆளுநருக்கு அதிகாரம் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பகடையை எடுக்கும்போது கை நடுங்குகிறது. பெரிய சம்பவம் வெளியே நடக்கட்டும், அதன் காற்று மட்டும் உள்ளே வந்தால் போதும்.

தந்தியை மறந்துவிட வேண்டாம். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி 1871-லிருந்தே இருந்தது. ரஜூலாவில் ஏறித் தப்பிவிட்டதாக நினைக்கிறவருக்கு முன்னாலேயே அவர் பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்வி: சாகசக் கதை என்றால் ராட்சத இயந்திரம், ரகசிய ஆயுதம் ஏதாவது வேண்டாமா? உங்கள் சிங்கப்பூரில் குமாஸ்தாக்கள்தான் இருப்பார்கள் போலிருக்கிறதே!
*— மெக்கானிக்கல் இன்ஜினீயர், திருச்சி*

வேண்டும் ஐயா, நிச்சயம் வேண்டும். 1928-ல் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் கட்டிய ஒரு மிதக்கும் கப்பல் தளத்தை இழுவைக் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாக இழுத்துக்கொண்டு வந்து சிங்கப்பூரின் வடகரையில் நிறுத்தின. ஐம்பதாயிரம் டன் போர்க்கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தக்கூடியது அது. கால்வாயில் அது நகர்ந்துபோகும் படத்தைப் பாருங்கள், ஒரு தெருவையே பெயர்த்தெடுத்துக் கொண்டுபோவது போலிருக்கும். அது வந்து சேர்ந்த இடம், கட்டி முடியாத கடற்படைத் தளம். 1920-களின் தொடக்கத்தில் முடிவான திட்டம் அது. லண்டனில் ஆட்சி மாறும்போதெல்லாம் நின்று நின்று மறுபடி தொடங்கியது. கடைசியில், தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறை திறந்தது 1938 பிப்ரவரியில். நம் ஜூனில் அங்கே பாதி வெட்டிய சதுப்பு நிலம், மலேரியா, சம்பளத்துக்குக் காத்திருக்கும் கூலிகள், நடுவே அந்த ராட்சத இரும்பு. எல்லா நாட்டு ஒற்றர்களுக்கும் அதன்மேல் கண். மிடில் ரோடு பக்கம் ஜப்பானியர்களின் கடைகளும் போட்டோ ஸ்டூடியோக்களும் இருந்தன. (அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் கடைக்காரர்கள்தான். மதுரைக்கு எழுதிய பதிலை இங்கேயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ரகசியத்துக்கு 1915-ஐத் தோண்டுங்கள். அந்த வருஷம் பிப்ரவரி 15-ல் அலெக்சாண்டிரா பாசறையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள், 5-ஆம் லைட் இன்ஃபன்ட்ரி, கலகம் செய்தார்கள். டாங்லின் முகாமில் எம்டன் கப்பலின் ஜெர்மானிய மாலுமிகள் சிறையிருந்தார்கள், கலகக்காரர்கள் அந்த வாசலையும் திறந்துவிட்டார்கள். கலகம் அடங்கியதும் 47 சிப்பாய்களை அவுட்ராம் சிறைச் சுவருக்கு வெளியே, ஊரே பார்க்கச் சுட்டார்கள். 1931-ல் அதற்குப் பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்று கூட்டத்தில் நின்ற பையனுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். அவன் உங்கள் ஆட்டத்தில் போலீஸ்காரனாக இருக்கலாம், ரிக்‌ஷா இழுப்பவனாக இருக்கலாம். தப்பி ஓடியவர்கள் எல்லாரும் பிடிபட்டார்களா, காணாமல் போன துப்பாக்கிகள் எங்கே என்று கற்பனை செய்ய உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. ஆனால் அந்த 47 பேரை வெறும் கதைச் சரக்காக ஆக்கிவிடாதீர்கள். நான் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லும்போது பகடையைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவேன்.

கேள்வி: நான் சிங்கப்பூரிலேயே இருக்கிறேன். ஆட்டத்துக்காக எங்கே நடந்து பார்ப்பது?
*— தமிழாசிரியர், ஈசூன்*

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவிலிருந்து தொடங்குங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து நாகூர் ஆண்டவர் பெயரில் 1830-ஐ ஒட்டிக் கட்டியது. கடலுக்கு அப்பால் பிழைக்கப் போனவர்கள் கரை இறங்கியதும் நன்றி சொன்ன இடம். கட்டிய காலத்தில் கடல் அந்தத் தெரு விளிம்பில் இருந்தது, இன்றைக்கு நீங்கள் கடலைப் பார்க்க வெகுதூரம் நடக்க வேண்டும். அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே சூலியா பள்ளிவாசல், அப்புறம் நீல் ரோடு முனையில் 1903-ல் கட்டிய ரிக்‌ஷா நிலையம். கட்டடங்களைப் பார்ப்பதோடு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் அதுதான் உதவும்.

மாலையில் நடந்தால் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். இப்போது உங்கள் ஊரில் சூரியன் மறைய ஏழு மணி ஆகிறது. 1931-ல் சிங்கப்பூர் நேரம் இன்றையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது, ஆறு மணிக்கே இருட்டிவிடும். 1933-ல் தான் முதல் தடவையாக இருபது நிமிஷம் முன்னால் தள்ளினார்கள். அலுவலகம் விட்டு குமாஸ்தா வெளியே வரும்போது தெரு விளக்கு ஏற்றியாகிவிட்டது என்றால் அவரைப் பின்தொடர்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இந்த மாதிரி ஆட்டத்தில் சேர்க்கலாமா?
*— தஞ்சாவூர்*

தாராளமாக. ஓபியத்தையும் அவுட்ராம் சுவரையும் அவள் வயதுக்குத் தக்கபடி தள்ளி வையுங்கள். நியூ வேர்ல்டு பூங்காவின் நாடகக் கொட்டகை, குத்துச்சண்டை, ஃபேரர் பார்க் குதிரைகள், சுண்ணாம்புக் கம்பத்து மாட்டுத் தொழுவங்கள் இவையே அவளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். அவளுக்கும் அவள் வயதுப் பாத்திரம் ஒன்றையே கொடுங்கள்: ரஜூலாவின் மேல்தளத்தில் அம்மாவோடு அப்பாவைத் தேடி வருகிறவள். வரைபடத்தை விரித்து, அப்பா எந்தத் தெருவில் வேலை பார்க்கிறார் என்பதை அவளையே டைரக்டரியில் தேடச் சொல்லுங்கள். பெரிய குமாஸ்தாக்கள் பெயர்தான் அதில் இருக்கும், மூட்டை தூக்குகிறவர் பெயர் இருக்காது. அப்படியானால் எங்கே போய்க் கேட்பது என்று அவள் யோசிக்கத் தொடங்குவாள். முதல் நாள் ஆட்டத்தை அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் தொடருங்கள்.